வெர்டாவின் தங்கக் காசுகள்

மண்ணெண்ணெய் விளக்கின் திரி பிடித்துக்கொண்டபோது கடைக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். பழைய வங்கியின் பளிங்கு மேடை இருந்தது. மேடையின் மேல் விரித்திருந்த பச்சைத் துண்டும் இருந்தது.

துண்டின் மேல் இருந்த பை இல்லை.

"எங்க?" என்றாள் வெர்டா. விளக்கு அவள் கையில்தான் இருந்தது. அவள் கத்தவில்லை. ரொட்டி எங்கே, சாவி எங்கே என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். "இங்கதானே இருந்துச்சு. எங்க?"

அப்போது காலை 10.05.

மூன்று நிமிடங்களுக்கு முன்புதான் கூரையில் குளிர்காலம் முழுவதும் சேர்ந்திருந்த பனி ஒரே சரிவாகக் கீழே இறங்கியது. வாசல் கதவையும் இரண்டு சன்னல்களையும் அது மூடியது. போகிற போக்கில் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு போனது. பின்கதவு முந்தைய நாளே பனியில் புதைந்துவிட்டது. ஹாட்ச் தீவனக் கடை, உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து, வெள்ளை மண்ணுக்குள் வைத்த பெட்டிபோல ஆகிவிட்டது.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி மாவட்ட ஷெரிஃபின் துணை அதிகாரி, ஜெனீல் தோரப். பனியில் வழுக்காமலிருக்க டயர்களில் மாட்டும் சங்கிலி வாங்க வந்தவள். விளக்கு அணைந்த நேரத்தில் கடையின் பின்பகுதிக்குப் போகும் குறுகிய வழியில், இரு கைகளிலும் சங்கிலியோடு நின்றிருந்தாள். தீவன மூட்டைகளும் இரும்புச் சாமான்களும் அவளுக்குப் பின்னால் இருந்தன. அவளைத் தாண்டி யாரும் போகவில்லை. யாராவது போயிருந்தால் சங்கிலி சத்தம் போட்டிருக்கும்.

"யாரும் நகராதீங்க," என்றாள். "இந்தக் கதவு திறக்குற வரைக்கும் இந்தப் பை வெளிய போகல. அதனால நாமளும் அமைதியா இருப்போம்."

"நகர்ந்தா எங்க போறதாம்?" என்றான் தேய்ன் எக்கர். மாடு வளர்க்கிறவன். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு சிரிப்புக்கு இடம் கண்டுபிடிக்கிறவன். "சுவரைத் தின்னுக்கிட்டே போகணும்."

ஜெனீல் ஒவ்வொருவரையும் சோதித்தாள். கோட்டுகள், பூட்ஸ்கள், தொப்பிகள். மேடைக்கு அடியில், கல்லாவுக்குள், விதைப் பொட்டலங்களின் அலமாரியில், பெஞ்சுக்குக் கீழே. நகரத்திலிருந்து வந்திருந்த ஆரின் பெட்ரிட்ஜின் தோல்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். சிறு தராசு, உலோகத்தைச் சோதிக்கும் ஒரு பேட்டரிக் கருவி, காசோலைப் புத்தகம், வயிற்றுவலி மாத்திரை.

பதினெட்டுத் தங்கக் காசுகள் எங்கும் இல்லை.

---

மாநிலச் சட்டம் தங்கத்தையும் வெள்ளியையும் செல்லும் பணம் என்று ஏற்றுக்கொண்ட வருடம், ரூலன் ஹாட்ச் தன் கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். "உண்மையான பணமும் இங்கே வாங்கப்படும்." காகித டாலரை அவர் மறுத்ததில்லை. ஆனால் அதை நீட்டுகிறவரை, நோயாளியைப் பார்ப்பதுபோல ஓர் இரக்கத்தோடு பார்ப்பார்.

மெரிடன் ஃபோர்க் ஊரில் பாதிப் பேர் அவர் வழிக்கு வந்தார்கள். ஒரு மூட்டைக் கோழித் தீவனத்துக்கு ஒரு வெள்ளிக் காசு; சில்லறைக்கு, வெள்ளியில் அச்சடித்த காலத்துப் பத்து சென்ட் காசுகள். எந்தக் காசு வந்தாலும், எந்தக் காசு போனாலும், ரூலன் அதைப் பளிங்கின் மேல் ஒரு விரல் உயரத்திலிருந்து விடுவார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்பார். நல்ல உலோகம் நீளமாக ஒலிக்கும். "பாடுது," என்று சொல்லிவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார். சபைத் தலைவர் கொடுத்த காசையும் அப்படித்தான் கேட்டார். தன் மனைவி உயிரோடிருந்தபோது அவள் கொடுத்த காசையும் அப்படித்தான் கேட்டாராம்.

வெர்டா அவர் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். சம்பளத்தில் ஒரு பங்கைத் தங்கமாக எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். வங்கி ஊரைவிட்டுப் போனபோது கடையின் பின்பகுதியில் விட்டுப்போன இரும்பு அறையில், அவர் பொறுப்பில், அவை இருந்தன. ஒவ்வொரு காசின் மேலும் ஐம்பது டாலர் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் ஒரு காசுக்கு ஒரு நல்ல கறவை மாடே வரும்.

---

காலை 10.40. ஜெனீல் வெர்டாவைப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு ஏன் வெளிய எடுத்தீங்க, சிஸ்டர் வெர்டா?" சபைக்காரர்கள் ஒருவரையொருவர் சிஸ்டர், பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விக்க. சீடர் சிட்டில ஒரு ரொட்டிக் கடை. சின்னதுதான். அடுப்பு இருக்கு, மேல படுக்க ஒரு ரூம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும்."

"தங்கமாவே கொடுக்கலாமே?"

"கேட்டேன். அந்தக் கடைச் சொந்தக்காரர் சிரிச்சுட்டார். 'காசு சேகரிக்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா, டாலர் கொண்டு வா'ன்னார்." வெர்டா தன் விரல்களைப் பார்த்தாள். "இந்தத் தங்கம் இந்த ஊருல மட்டும்தான் பணம், ஜெனீல். பதினோரு வருஷமா சேர்த்தேன், ஆனா அதை வெச்சுக்கிட்டு மலைப்பாதையத் தாண்ட முடியல. இன்னைக்குத் தாண்டலாம்னு இருந்தேன்."

"இரும்பறைச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு பிரதர் ஹாட்ச்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. ஆனா பைய அவர்தான் எடுத்துட்டு வந்தார். என்னைத் தூக்க விடல. 'இது என் பொறுப்பு, ஒப்படைக்கிற வரைக்கும்'னார்."

"காசுங்க நல்ல காசுங்கதானே?"

வெர்டாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஒவ்வொண்ணும் இந்தக் கல்லுமேல பாடினதைக் கேட்டுத்தான் உள்ள வெச்சேன்."

அடுத்து ஆரின் பெட்ரிட்ஜ். சால்ட் லேக்கிலிருந்து மாதம் ஒருமுறை வந்து உலோகம் வாங்கி விற்கிறவர். முதலில் காபி கேட்டார்.

"எங்க சபையில காபி விலக்கு. இந்த ஊர்ல அதைக் கேட்டா, தங்கம் திருடினதைவிடப் பெரிய கேஸு," என்றான் தேய்ன் தூரத்திலிருந்து.

"நீங்க எங்க நின்னீங்க?" என்றாள் ஜெனீல்.

"மேடைக்கு இந்தப் பக்கம். நடந்ததை அப்படியே சொல்றேன். ஹாட்ச் துண்டை விரிச்சார். பையக் கவுத்துக் காசைக் கொட்டினார். எண்ணினார். திரும்பப் பையில போட்டுக் கட்டினார். நான் கருவிய எடுக்கப் பெட்டியத் திறந்தேன். இடி மாதிரி ஒரு சத்தம். இருட்டு."

"நீங்க காசைத் தொட்டீங்களா?"

"தொடவே இல்ல. சோதிக்காம நான் எதையும் தொடுறதில்ல. அப்படித் தொட்டவங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

"இருட்டு எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம் இருக்கும். ஹாட்ச்தான் சத்தம் போட்டார்: 'நகராதீங்க, தட்டுமுட்டுச் சாமான் கிடக்கு, அடுப்பத் திறக்கிறேன், வெளிச்சம் வரும்'னு. விறகு போட்டார். அந்த வெளிச்சத்துல இந்த அம்மா விளக்கத் தேடி எடுத்தாங்க."

அடுத்து அவள் தேய்ன் பக்கம் திரும்பினாள். "நீ இங்க எதுக்கு வந்த?"

"பைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கத்தான்னு சொன்னா எழுதிக்குவியா?" அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "கன்னுக்குட்டிக்குப் பால்பவுடர் வாங்க வந்தேன். சத்தியமா. இந்த மனுஷன் துண்டு விரிச்சுத் தங்கத்தைக் கொட்டுறார், ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி. நான் வாயப் பிளந்து நின்னேன். அப்புறம் என் கையுறையும் போச்சு."

"என்ன கையுறை?"

"அடுப்புக் கம்பியில காய வெச்சிருந்தேன். இருட்டுல கருகிப்போச்சு போல. வாசனை வரல?"

வந்தது. துணி பொசுங்கிய வாசனை இன்னும் லேசாக இருந்தது. ஜெனீல் அடுப்பருகே போய் அந்தக் கம்பளிக் கையுறையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவனிடம் கொடுத்தாள்.

"இந்தா. இன்னும் ஈரம் காயல."

---

காலை 11.30. கடைக்குள் மூச்சு முட்டியது. அடுப்பின் இரும்பு செக்கச்செவேலென்று இருந்தது. ஆரின் டையைத் தளர்த்தினார். தேய்ன் சட்டைக் கையைச் சுருட்டினான். பனிக்கு நடுவில் வியர்த்தது. விளக்கு வெளிச்சத்தில், சன்னலுக்கு வெளியே வானம் இருக்கவேண்டிய இடத்தில் நீலம் கலந்த ஒரு வெண்மை, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தது.

ரூலன் இன்னொரு கட்டையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். அறுபத்தெட்டு வயது. மீசையில்லாத வெள்ளைத் தாடி.

"போதுமே, பிரதர் ஹாட்ச்," என்றாள் ஜெனீல். "வேகுது."

"குளிர் எலும்புல இருக்கு," என்றார் அவர். "ஜெனீல், நான் யாரையும் கை காட்ட விரும்பல. ஆனா வெளியூர்க்காரர் ஒருத்தர்தான் இங்க இருக்கார்."

"பேஷ்," என்றார் ஆரின். "நான் முழுங்கிட்டேன். மாத்திரையோட சேர்த்து."

வெர்டா விளக்குக்கு அருகில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். ரொட்டிக் கடையின் படம். மறுபடி மடித்தாள்.

ஜெனீல் தொண்டை வறண்டு, மேடைக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து வேர்ச்சாற்றில் செய்த ஒரு குளிர்பான பாட்டிலை எடுத்தாள். கோட்டுப் பையைத் துழாவினாள். ஒரு பழைய பத்து சென்ட் வெள்ளிக் காசு அகப்பட்டது. அதைப் பளிங்கின் ஓரத்தில் வைத்தாள்.

ரூலனின் கை தானாக நீண்டது. பச்சைத் துண்டை ஒதுக்கினார். காசை எடுத்து, உயர்த்தி, விட்டார்.

டிங்ங்ங். அந்த அடைபட்ட அறையில், நல்ல தண்ணீர்போல ஒரு சத்தம்.

"பாடுது," என்றார், கண்ணை மூடியபடி.

ஜெனீல் பாட்டிலைத் திறக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

---

மதியம் 1.10. தூரத்தில் பனி அள்ளும் வண்டியின் உறுமல் கேட்டது. தேய்ன் எழுந்து கதவில் காதை வைத்தான்.

"கதவு திறக்குறதுக்கு முன்னாடி முடிச்சுடுறேன்," என்றாள் ஜெனீல். "எல்லாரும் உக்காருங்க. பிரதர் ஹாட்ச், நீங்க அடுப்புக்கிட்ட இருந்து இந்தப் பக்கம் வாங்க."

அவர் வந்தார்.

"நான் ரொம்ப நேரம் தப்பான கேள்வியக் கேட்டுட்டு இருந்தேன். இருட்டுல பைய எடுத்தது யாருன்னு. நாலு பேருமே எடுத்திருக்கலாம். அரை நிமிஷம் போதும். ஆனா எங்க வெச்சாங்க? என்னத் தாண்டிப் பின்னால போகல. முன்பக்கம் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தாச்சு. ஒரு இடத்தைத் தவிர."

அவள் அடுப்பைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"தங்கத்தை நெருப்புலயா?" என்றார் ஆரின். "எதுக்கு? விறகு அடுப்புல தங்கம் உருகாது. சாம்பல்ல அப்படியே கிடக்கும். கண்டுபிடிச்சுடுவாங்க."

"அதான் நானும் நெருப்ப விட்டுட்டேன். துணி பொசுங்குற வாசனை வந்துச்சு. தேய்ன் தன் கையுறைன்னு நெனச்சான். கையுறை கருகவே இல்ல. அப்போ பொசுங்கினது பை. பைய அடுப்புல போட்டவர், அடுப்பத் திறந்தவர்தான். நம்ம கண்ணு முன்னாடி, நமக்கு வெளிச்சம் காட்டுறதுக்காக."

"ஜெனீல்," என்றார் ரூலன்.

"ஒரு நிமிஷம். நீங்க ஒரு கட்டை சாம்பலாகாம அடுத்த கட்டையைத் தொடமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். சபைக் கூட்டத்துக்கு எங்கம்மா போர்வையோட வருவா, நீங்க அடுப்புக்குப் பொறுப்புன்னா. இன்னைக்குக் காலைல இருந்து பாதி வண்டி விறகு போட்டிருக்கீங்க. எதையோ உருக்கணும் உங்களுக்கு. தங்கம் உருகாது. அப்போ உள்ள போனது தங்கம் இல்ல."

வெர்டா மெல்ல எழுந்தாள்.

"அதுவும் நான் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்," என்றாள் ஜெனீல். "எல்லாரும் எனக்குச் சொன்னாங்க. மிஸ்டர் பெட்ரிட்ஜ் சொன்னார், தேய்ன் சொன்னான், கல்யாணம் மாதிரி இருந்துச்சுன்னு கேலி பண்ணினான். நான் கேட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். துண்டு. இந்தப் பளிங்குமேல ரூலன் ஹாட்ச் என்னைக்காவது துண்டு விரிச்சுப் பார்த்திருக்கோமா? என்னோட பத்து சென்ட்டுக்கு, திருட்டு நடந்து ஒண்ணரை மணி நேரத்துல, அந்தத் துண்டையே ஒதுக்கிட்டுக் காசப் போட்டுக் கேட்டார். பழக்கம். கை தானா செய்யும். ஆனா வெர்டாவோட பதினெட்டுத் தங்கத்தைத் துணி மேல கொட்டினார். ஒண்ணையும் பாட விடல."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏன்னா ஈயம் பாடாது."

வெளியே வண்டியின் இரும்புப் பலகை பனியைச் சுரண்டும் சத்தம் நெருங்கியது. ஜெனீல் கொக்கிக் கம்பியால் அடுப்பின் கீழே இருந்த சாம்பல் தட்டை இழுத்தாள். சாம்பலைக் கிளறினாள். தட்டின் அடியில், சிந்திய பால் உறைந்ததுபோல, பளபளக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. ஓரத்தில் இன்னும் உருகி முடியாத அரை வட்டம். அதன் மேல் மஞ்சள் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது.

"பிரதர் ஹாட்ச், பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

"பேசுறேன்," என்றார் ரூலன். பெஞ்சில் உட்கார்ந்தார். திடீரென்று கோட்டு அவருக்குப் பெரிதாகிவிட்டது. "இந்தக் கட்டடத்து மேல கடன். வங்கிக்கு எழுதினேன், தங்கமா கட்டுறேன், மாநிலச் சட்டமே இருக்குன்னு. நல்ல மரியாதையாத்தான் பதில் போட்டாங்க. சட்டம் வாங்கலாம்னுதான் சொல்லுது, வாங்கணும்னு சொல்லலியாம். வித்துட்டு டாலரா கொண்டு வாங்கன்னாங்க. போன ஆகஸ்ட்ல ஒரு நாள் நெவாடா பக்கம் போய் அந்தப் பதினெட்டையும் வித்தேன். தபால்ல தங்கப் பூச்சுப் போட்ட காசு வாங்கி வெச்சேன். விலை எறங்கினதும் திரும்ப வாங்கி வெச்சுடலாம்னு இருந்தேன். எறங்கவே இல்ல."

"நான் போன மாசம் சொன்னேனே, எடுக்கப்போறேன்னு," என்றாள் வெர்டா.

"வழி தேடிக்கிட்டே இருந்தேன் வெர்டா. இன்னைக்கு மிஸ்டர் பெட்ரிட்ஜ் பெட்டியத் திறந்து கருவிய எடுத்தப்போ, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்போ இருட்டாச்சு. ஆண்டவரே குடுத்த இருட்டுன்னு தோணிச்சு."

வெர்டா அவர் எதிரில் வந்து நின்றாள். பதினோரு வருடமாக அவரைப் பிரதர் ஹாட்ச் என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"ரூலன். இரும்பறைக்குள்ள உன்னோட வெள்ளி இருக்கே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூணு மூட்டை. நான்தான் தூசி தட்டுறேன். அது போதாதா உன் கடனுக்கு? உன் வெள்ளிய வெச்சுக்கிட்டு என் தங்கத்தை வித்தியா?"

"மூணு மூட்டையத் தூக்கி வண்டியில ஏத்தினா ஊரே பார்க்கும்," என்றார் அவர், கேட்கவே முடியாத குரலில். "ரூலன் ஹாட்ச் வெள்ளிய வித்துக் காகிதம் வாங்கிட்டான்னு. அந்தப் பலகைய யாரு நம்புவா அப்புறம்? உன்னோடது... கோட்டுப் பையில அடங்கிச்சு."

ரூலன் தன் சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். "எடுத்துக்க. அத்தனையும். மிஸ்டர் பெட்ரிட்ஜ் டாலர் தருவார்."

"கேஸு அப்படியேதான் இருக்கும்," என்றாள் ஜெனீல்.

"இருக்கட்டும்."

ஆரின் தராசை எடுத்து வைத்தார். காசோலைப் புத்தகத்தைத் திறந்தார். "பொதுவா ஒரு மூட்டைக்கு நாலஞ்சு காசைச் சோதிச்சாப் போதும். ஹாட்சோட வெள்ளிய எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது," என்றாள் வெர்டா.

முதல் மூட்டையை அவளே இழுத்து வந்தாள். பச்சைத் துண்டை எடுத்து மடித்து, ரூலனின் மடியில் வைத்தாள். பிறகு மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு காசை எடுத்து, ஒரு விரல் உயரத்திலிருந்து விட்டாள். தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

டிங்ங்ங்.

அதை ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

ரூலன் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் அந்த ஒரு சொல்லைச் சொல்லப் போய், சொல்லாமல் நின்றன.

முப்பதாவது காசோ நாற்பதாவது காசோ இருக்கும். வெளியே இருந்து யாரோ மண்வெட்டியால் கதவைத் தட்டினார்கள். தேய்ன் தோளால் முட்டினான். பனி உடைந்து, கதவு அகலத் திறந்து, மதிய வெயில் தரையில் விழுந்தது. மலைப்பாதை வரை வெண்மையாக, கண் கூச, ஒரு தடுப்பும் இல்லாமல் தெரிந்தது. பனி வண்டியின் உறுமல் கடை முழுவதும் நிறைந்தது. தேய்ன் ஓடிப்போய்த் தெருவில் நின்று கைகளை விரித்தான். ஆரின் முகத்தைத் துடைத்தார். ஜெனீல் ரூலனின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

வெர்டா திரும்பவில்லை. கையில் ஒரு காசு அந்தரத்தில் இருந்தது.

"கதவச் சாத்துங்க," என்றாள். "சத்தம் சரியா கேக்கல."